ஏகாம்பரம் வீட்டு வெள்ளைக் கல்லும் ஒரு வருஷத்துப் புளியும்

வேலையை விட்டு நின்ற பிறகும் சாயங்காலமானால் என் கால் தானாகக் கல் கடைப் பக்கம் போய்விடுகிறது. இப்போது அங்கே இருப்பவர்கள் கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள். எத்தனை சதுர அடி, என்ன கலர், எந்த ரேஞ்ச் என்று மூன்று கேள்வி கேட்டு வாடிக்கையாளரை முடித்துவிடுகிறார்கள். போன வாரம் அதில் ஒரு பிள்ளை என்னிடம் வந்து, உங்க காலத்தில் முதலில் என்ன கேட்பீர்கள் என்று விசாரித்தது. "உங்க வூட்டுல இன்னா கொழம்புன்னு கேப்போம்" என்றேன். அது சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு எழுதத் தோன்றும். எழுதுகிறேன், சிரிக்கிறவர்கள் இதையும் படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

என் பெயர் கலியமூர்த்தி. கள்ளக்குறிச்சியில் அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்களுக்குப் பாலிஷ் கலியமூர்த்தி என்றால் தெரியும். லாரியிலிருந்து கல் இறக்கும் கூலியாகத்தான் சேர்ந்தேன். இரண்டு முறை கால் நசுங்கியதும், இவன் தூக்குவதற்கு லாயக்கில்லை என்று தேய்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். முதலில் கையால் தேய்த்தேன், பிறகு மெஷினால் தேய்த்தேன். கடைசியில், புகார் வந்த வீடுகளுக்குப் போய்த் திட்டு வாங்குகிற வேலையையும் எனக்கே கொடுத்தார்கள். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, நல்ல வீடாக இருந்தால் திட்டி முடித்துவிட்டு டீ கொடுப்பார்கள். பயிற்சி என்று சொன்னால் இவ்வளவுதான்.

கடை முதலாளி ராஜாமணி அம்மா. புருஷன் இறந்தபோது கடையை விற்றுவிடச் சொல்லி உறவுக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் டிபன் கேரியரோடு கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது, சமையலைப் பற்றி எல்லாம் தெரியும். அதை வைத்துக்கொண்டே கல்லைப் படித்தார்.

கடப்பா, கோட்டா, மார்பிள், கிரானைட் என்று எல்லாக் கல்லிலும் ஒரு துண்டு அவர் மேஜைமேல் வரிசையாக இருக்கும். மத்தியானம் சாப்பிடும்போது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சொட்டு சாம்பார், ஒரு சொட்டு ரசம், ஒரு சொட்டு மோர், கொஞ்சம் நல்லெண்ணெய். அம்மா கல்லுக்கும் சோறு போடுகிறார் என்று நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம். மறுநாள் காலையில் துடைத்துப் பார்ப்பார். கிரானைட்டில் அடையாளமே இருக்காது. கடப்பாவில் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கும், புளிப்பு பட்ட இடம் வெளுத்திருக்கும். வெள்ளை மார்பிளில் சாம்பாரின் மஞ்சள் குடியேறியிருக்கும். அதைவிட மோசம், ரசம் விழுந்த இடத்தில் பளபளப்பு செத்துப் போய் மங்கலாக ஒரு வட்டம் தெரியும். அது கறை இல்லை, துடைத்தால் போவதற்கு. புளிப்பு பட்டால் மார்பிள் கரையும். கல்லே கொஞ்சம் போய்விட்டது என்று அர்த்தம்.

இந்த எச்சில் துண்டுகளைத்தான் அம்மா வாடிக்கையாளரிடம் காட்டுவார். வேறு எந்தக் கடையிலும் புதுத் துண்டைத்தான் காட்டுவார்கள். பிறகு கேள்வி ஆரம்பமாகும். வீட்டில் என்ன குழம்பு அதிகம், எண்ணெய் தேய்த்துக்கொண்டு கூடத்தில் நடப்பவர்கள் உண்டா, தடி ஊன்றும் வயசாளிகள் எத்தனை பேர், கொல்லைக்கு மாட்டை வீட்டுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போவீர்களா. வந்தவர், நான் கல் வாங்க வந்தேனா பெண் கேட்க வந்தேனா என்று முழிப்பார். பதில்களைக் கேட்டபின் அம்மா ஒரு துண்டை அவர் பக்கமாக நகர்த்துவார். நகர்த்திய கல் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அம்மாவின் கோபம் ஒரு தினுசு. சாதாரணமாக என்னை "டேய் கலியா" என்றுதான் கூப்பிடுவார். கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். "கலியமூர்த்தி, இப்படி வந்து உக்காருங்க" என்று ஒரு நாள் கூப்பிட்டார். உட்காராமல் அப்படியே குடோனுக்குப் போய் ஒளிந்துகொண்டேன்.

பராமரிப்பு விஷயத்தில் அவர் சொன்னதைத்தான் நான் இத்தனை காலமும் வீடு வீடாகச் சொன்னேன். முதலில் மெத்தென்ற துடைப்பத்தால் உலர் மண்ணைக் கூட்டு, மண்ணோடு ஈரத்துணி போட்டால் உப்புத்தாள் போட்ட மாதிரி கீறும். பிறகு வெறும் தண்ணீர், மிஞ்சினால் துளி சோப்பு. கக்கூஸுக்கு ஊற்றும் ஆசிட்டைக் கூடத்துப் பக்கம் கொண்டுவராதே. எண்ணெய் இறங்கிவிட்டால் தேய்க்காதே, சாக்பீஸ் தூளைச் சலவைச் சோடாவோடு குழைத்து, கட்டிக்குப் பற்றுப் போடுவது போல அப்பி, காய்ந்ததும் எடு. இதைச் சொல்வது சுலபம். யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் வினையே இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் கல்வராயன் மலைக் கதை ஒன்று. வெள்ளிமலையில் ஓய்வு வீடு கட்டிய ஒருவர், வெளிர் நிறக் கோட்டா போடச் சொன்னார். மலைப்பாதையில் லாரி ஏறின அழகில் பாதிக் கல் உடைந்தது, மீதியைப் போட்டுப் பாலிஷும் செய்துவிட்டு வந்தோம். கொஞ்ச நாளில் புகார். வீட்டைப் பார்த்துக்கொண்ட மலைக்காரர் மழைக்குப் பயந்து, பொறுக்கிவந்த கடுக்காயை எல்லாம் அந்தக் கூடத்தில் பரப்பிக் காய வைத்திருக்கிறார். ஈரக் கடுக்காய் இருந்த இடமெல்லாம் கறுப்பு வட்டம். வீட்டுக்காரர் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். நானும் என் பங்குக்குத் திட்டத் தயாரானபோது, கூட வந்திருந்த அம்மா மலைக்காரரிடம் கடுக்காய் நன்றாகக் காய்ந்ததா என்று கேட்டார். நன்றாகக் காய்ந்தது, பூஞ்சை பிடிக்கவே இல்லை என்றார் அவர். "அப்ப கல்லு நல்ல கல்லுதாங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அம்மா லாரியில் ஏறிவிட்டார். அந்தக் கறையை எடுக்க என்னை மலையிலேயே விட்டுவிட்டு வந்தது தனிக் கதை.

இனி தியாகதுருகம் ஏகாம்பரம். அவர் கரும்பு விவசாயி. அந்த வருஷம் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போன கரும்பு நன்றாக இருந்ததால் புது வீடு கட்டிவிட்டார். மணலூர்பேட்டைச் சகலை வீட்டில் மொசைக் போட்டிருந்தார்கள், ஆகவே இவருக்கு வெள்ளை மார்பிள் வேண்டும். அம்மா வழக்கம்போல் குழம்பை விசாரித்தார். எந்நாளும் புளிக்குழம்பு, மீன் கிடைத்தால் மீன் குழம்பு என்று பெருமையாகச் சொன்னார் ஏகாம்பரம். அம்மா கறுப்புக் கிரானைட் துண்டை நகர்த்தினார். அவர் அதைத் திருப்பி அம்மா பக்கமே நகர்த்திவிட்டார். வீட்டில் கல்யாணம் நடக்கப்போகிறது, கறுப்பா போடுவார்கள் என்று கேட்டார். கடைசியில் சமையலறைக்குக் கிரானைட், கூடத்துக்கு மட்டும் மார்பிள் என்று முடிவாயிற்று. புளிப்பே படக்கூடாது என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டார். ஏகாம்பரம் நன்றாகத் தலையாட்டினார். நானும் பளிங்கு போல இழைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் ஹாலில் குனிந்து பார்த்துத் தலை சீவலாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் மனுஷன்.

அந்தத் தலையாட்டல் அவரோடு நின்றுவிட்டது. தரையைத் துடைக்கப் போகிற அவர் மனைவி பூங்காவனத்திடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அவர்கள் மகள் செல்விக்கு மணலூர்பேட்டையில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அந்தக் கூடத்தில் நிச்சயதார்த்தம். ஆவணியில் அதுதான் கடைசி நல்ல நாள், விட்டால் புரட்டாசி, அந்த மாசத்தில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் தாத்தாவோ கண்ணை மூடுவதற்குள் பேரன் கல்யாணத்தைப் பார்த்தாக வேண்டும் என்று அவசரப்படுகிறவர். மூங்கில்துறைப்பட்டில் இன்னொரு பெண் வீட்டார் ஜாதகத்தோடு தயாராக இருந்தார்கள். தள்ளிப் போட்டால் சம்பந்தம் கை நழுவிவிடும்.

பூங்காவனம் நிச்சயத்துக்காகக் குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாவற்றையும் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்து, தங்கமாக்கி வைத்திருக்கிறார். கூடத்தில் ஒரு மூலையில் மஞ்சள் கொட்டிய கறை. பித்தளைக்கே இப்படி மினுக்கும் புளி, கல்லுக்கு எப்படி மினுக்கும் என்று அதே புளியும் செங்கல் தூளும் போட்டுக் கறையைத் தேய்த்திருக்கிறார். ஈரமாக இருக்கும்போது மார்பிள் எப்படி இருந்தாலும் பளபளவென்றுதான் தெரியும். ஆகா என்று உற்சாகமாகிப் பாதிக் கூடத்தைத் தேய்த்து முடித்தபோது, முதலில் தேய்த்த இடம் காய்ந்திருக்கிறது. மங்கிப்போனது அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது.

அது இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். சாலையோர மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள், பஸ் இல்லை, லாரி இல்லை, கடைகள் பூட்டிக் கிடந்தன. அந்த வருஷங்களில் உயிர் போன வீடுகள் உண்டு, குடிசை வெந்த தெருக்கள் உண்டு. அவற்றைப் பற்றி நான் சிரித்துக்கொண்டு எழுத மாட்டேன், அது என் கதையும் இல்லை. என் கஷ்டம் தரை கஷ்டம். பாலிஷ் மெஷின் உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் ஒரு வேலைக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டது. பாலிஷ் பவுடர் மெட்ராஸிலிருந்து வரவேண்டும். இந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் சைக்கிளில் ஆள் அனுப்பிவிட்டார். வந்தவன் கடை வாசலில் நின்று, "தரை செத்துப்போச்சி, கடைக்காரம்மாவ ஒடனே வரச் சொன்னாரு" என்றான்.

நான் சைக்கிளை மிதித்தேன், அம்மா பின்னால் கேரியரில் உட்கார்ந்தார். அம்மா நல்ல கனம். மரம் விழுந்து கிடந்த இடங்களிலெல்லாம் அவர் இறங்குவார், மறித்து உட்கார்ந்திருந்தவர்கள் என் சைக்கிளைத் தூக்கி அந்தாண்ட வைப்பார்கள், அம்மா மறுபடி ஏறுவார். என்ன அவசரம் என்று கேட்டவர்களிடம், ஒரு தரைக்கு உடம்பு சரியில்லை என்று பதில் சொன்னார். யாரும் அதற்குமேல் விசாரிக்கவில்லை.

கூடத்தைப் பார்த்தேன். ஒரு பாதியில் ஜன்னல் கம்பி முதற்கொண்டு தெரிகிறது. மறுபாதியில் பூங்காவனத்தின் கை போன வழியெல்லாம் வளையம் வளையமாக மங்கல். இரண்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டுக்கொண்டு ஏகாம்பரம் எல்லைக் காவல்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பொண்டாட்டியோடு பேச்சு நிறுத்தியாயிற்று. காபி வேண்டுமென்றால்கூட மகளிடம்தான் சொல்கிறார். பூங்காவனம் கொல்லைக் கிணற்றடியில் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்தத் தரையில நான் நிச்சயம் பண்ண மாட்டேன்" என்றார் ஏகாம்பரம். "தலை சீவலாம்னு சொல்லிட்டன். இத்தப் பாத்தா காறித் துப்புவானுங்க. ஐப்பசிக்குத் தள்ளிக்கலாம்னு ஆள் அனுப்பப் போறன்."

கோயிலில் வைத்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அதோடு வாயை மூடிக்கொண்டேன். செல்வி ராஜாமணி அம்மாவைக் கதவுப் பக்கம் இழுத்துப் போய், "ஆன்ட்டி, எனக்கு அவருதான் வேணும். எதுனா பண்ணுங்க" என்றது. அந்தப் பெண் அழவில்லை. அதுதான் எனக்குப் பாவமாக இருந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்து மங்கின இடத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கிணற்றடிக்குப் போய்ப் பூங்காவனத்திடம் என்ன புளி என்று விசாரித்தார். கல்வராயன் மலையிலிருந்து வருகிற மலைப்புளி, நாக்கில் வைத்தால் காது அடைக்கும். வருஷத்துக்கென்று வாங்கிப் பானையில் அடைத்திருந்ததில் பாதிக்குமேல் மீதி இருந்தது. பானையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பெண்களும் கூடத்துக்கு வந்தார்கள்.

"மீதிப் பாதியையும் தேச்சிடலாம்" என்றார் அம்மா.

ஏகாம்பரம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். கெட்டது பாதியோடு போகட்டும், மிச்சத்தையும் கெடுக்கவா சைக்கிளில் வந்தீர்கள் என்று கத்தினார். எனக்கும் அதே எண்ணம்தான். நான் இழைத்த தரை அது, என் கண் முன்னால் புளி கரைத்து ஊற்றுவதாவது. "அம்மா, வேணாம்மா" என்றேன்.

"ஏகாம்பரம், நீங்க உக்காருங்க. கலியமூர்த்தி, நீங்க சைக்கிள ஒழுங்கா சாச்சிட்டு வாங்க" என்றார் அம்மா.

மரியாதை வந்துவிட்டது. நான் ஓடினேன்.

அம்மாவின் கணக்கு எளிமையானது. மங்கின பாதியை மின்ன வைக்க மெஷினும் பவுடரும் வேண்டும், இரண்டும் சாலை மறியலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மின்னுகிற பாதியை மங்க வைக்கப் புளி போதும், அது இந்த வீட்டுப் பானையிலேயே இருக்கிறது. பாதி மங்கினால்தான் சீக்கு. முழுக்க ஒரே மாதிரி மங்கினால் அது ஒரு தினுசு.

கதவுக்குப் பின்னால் முதலில் சோதனை போட்டோம். கெட்டியாகக் கரைத்ததில் திட்டுத் திட்டாக வந்தது. கொட்டை, நார், கோது எல்லாம் எடுத்து, ஏகாம்பரத்தின் வேட்டியில் வடிகட்டி, ரசத்துக்குக் கரைப்பதைவிட நீர்க்கக் கரைத்ததும் ஒரே சீராக வந்தது. ஏகாம்பரம் வேட்டியைத் தர மறுத்தார். செல்வி கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. துணியில் நனைத்துப் பூச வேண்டும், வெற்றிலை மென்று துப்பும் நேரம் விட வேண்டும், துடைக்க வேண்டும். மேலே நான் நைஸான தேய்ப்புக் கல்லால் வட்டமாக ஒரு கை தேய்ப்பேன், செங்கல் தூள் போட்ட கீறலுக்கு மட்டும் இரண்டு கை. பிறகு புளிப்பைக் கொல்ல ஆப்பசோடாத் தண்ணீர், அப்புறம் வெறும் தண்ணீர் இரண்டு முறை. காய்கிறவரை யாரும் எதுவும் சொல்லக்கூடாது. காயாத மார்பிளைப் பார்த்து அபிப்பிராயம் சொல்வது அம்மாவுக்குப் பிடிக்காது.

தெருப் பெண்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். சுவரிலிருந்து வாசல் பக்கமாகப் பின்னாலேயே நகர வேண்டும், எல்லோர் கையும் ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும். பக்கத்து வீட்டம்மாவுக்கு இடதுகைப் பழக்கம், அவர் தேய்த்த இடம் மட்டும் எதிர்ப் பக்கமாகச் சுழித்தது. அவரை எழுப்பி, வரிசைக்கு எதிரே முகம் பார்த்து உட்கார வைத்தார் அம்மா. சுழி அப்படியேதான் இருந்தது. கடைசியில் அந்தம்மாவை வெற்றிலை போட்டு நேரம் பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். அவருக்கு அதில் சந்தோஷம்தான்.

புளி தீர்ந்துவிட்டது. கூடத்தில் இன்னும் நாலில் ஒரு பங்கு பாக்கி. கடைகள் பூட்டு. என்னைப் புளி தேட அனுப்பினார்கள். சாலை நெடுகப் புளியமரமாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள், ஆவணியில் எந்த மரத்தில் பழம் இருக்கும்? மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் என் பையைப் பார்த்துவிட்டு, "மரமே கீதே, வேணுன்றத எடுத்துக்கினு போ" என்றார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வெறுங்கையோடு திரும்பினால், அதற்குள் தெருப் பெண்களே வீட்டுக்கு வீடு பானையைக் கவிழ்த்துக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். செல்விக்காக. அந்தத் தெருவில் அதன் பிறகு யார் வீட்டிலும் குழம்பு இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் தரை முழுக்கக் காய்ந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. மினுக்கு இல்லாமல், தயிர் உறைந்த மாதிரி, சுவருக்குச் சுவர் ஒரே வெள்ளை. ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். முகம் தெரியவில்லை என்று முனகினார். பிறகு வேறு கோணத்தில் பார்த்துவிட்டு, ஆள் அனுப்ப வேண்டாம் என்று மகளிடம் சொன்னார். பொண்டாட்டியோடு அப்போதும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் சமையல்காரர் வந்து சாமான்களைச் சரிபார்த்தபோதுதான் அடுத்த இடி. விருந்துக்குப் புளி கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சாம்பார் இல்லை, ரசம் இல்லை, காரக்குழம்பு இல்லை, விருந்துக்கு நான் என்ன செய்வது என்று கரண்டியைக் கீழே போடப் போனவரை, தரைமேல் போடாதே என்று நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் புளிக்காத தயிரில் மோர்க்குழம்பு, கூட்டு, பருப்பு நெய் என்று முடிந்தது. எலுமிச்சை ரசம் வைக்கலாம் என்றார் அவர். அதைத் தரைமேல் யாராவது சிந்தித் தொலைப்பார்கள் என்று அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் மாட்டு வண்டி கட்டி, கரும்புக் காட்டு வண்டிப்பாதையில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். காலெல்லாம் சேறு. பளபளப்பாக இருந்திருந்தால் நாலு பேராவது வழுக்கி விழுந்திருப்பார்கள். தாத்தா தடியை ஊன்றி ஊன்றி நடந்து வந்து, இந்த வீட்டில்தான் தடி நிற்கிறது என்றார். மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டு, கண் கூசாமல் இருக்கிறதே என்றார். அந்தம்மா லேசில் எதையும் பாராட்டாதவர் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஏகாம்பரத்துக்கு உடனே கொம்பு முளைத்துவிட்டது. மெட்ராஸில் இப்போது இதுதான், நானே தேடிப் பிடித்துச் சொன்னேன் என்று ஆரம்பித்துவிட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வந்து சேர்ந்தது ராகு காலத்தில். அது கழிந்த பிறகுதான் தட்டு மாற்ற வேண்டும். அதுவரை பசியோடு எப்படி உட்கார வைப்பது என்று கூடத்தின் ஒரு பக்கத்திலேயே பந்தி போட்டார்கள். சாப்பிடச் சாப்பிட மாப்பிள்ளையின் அம்மா முகம் மாறிக்கொண்டே வந்தது. கை கழுவிவிட்டு வந்து நேராக ஏகாம்பரத்தின் எதிரே நின்றார்.

"சம்மந்தி, எதுலயும் புளியே இல்ல. பத்தியச் சாப்பாடு மாதிரி கீது. வூட்டுல யாருக்குனா சீக்கா?"

ஏகாம்பரம் சமாளித்தார் பாருங்கள், அதற்கு இணையே கிடையாது. "டாக்டர் சொன்னாருங்க" என்றார்.

"எந்த டாக்டரு? யாருக்குச் சொன்னாரு? பொண்ணுக்கா?"

தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம் எல்லாம் காத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். செல்வி அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. புளி தேய்த்த விஷயத்தைச் சொன்னால் குடும்பமே கிறுக்கு என்று எழுந்துவிடுவார்கள், சொல்லாவிட்டால் பெண்ணுக்குச் சீக்கு என்று எழுந்துவிடுவார்கள்.

அப்போது பூங்காவனம் சமையலறையிலிருந்து வந்தார். நாலு நாளாக ஏகாம்பரம் முன்னால் வாயே திறக்காதவர்.

"எம்பொண்ணுக்கு ஒரு சீக்கும் இல்லங்க" என்றார். "எங்கூட்டுப் புளி, தெருவுல கீற புளி எல்லாம் இந்தத் தரையில கீதுங்க. நான்தான் தெரியாம தேச்சிக் கெடுத்தன். அப்பறம் எல்லாருமா சேந்து தேச்சி சரி பண்ணோம். இல்லன்னா இவரு நிச்சயத்தயே தள்ளிப் போட்டுக்கினு இருப்பாரு. வாங்கின புளி மொத்தமும் போச்சிங்க. போனா போவுது, எம்பொண்ணு நல்லாருந்தா போதும்."

எல்லோரும் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார்கள். தாத்தா மட்டும் தடியைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, மெதுவாகக் குந்தி உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலால் தரையை ஒரு தேய் தேய்த்தார். விரலை நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"உப்பு கம்மி" என்றார்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தவர், முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு கூடமே சிரித்தது, சமையல்காரர்கூடச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அந்தம்மா பூங்காவனத்தின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். புளிக்கறையும் சோடாவும் பட்டுத் தோல் உரிந்திருந்தது.

"பொண்ணுக்காக இவ்ளோ பண்ணீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஆண்கள் பக்கம் திரும்பி, "தட்ட எடுங்க. ராவுகாலம் முடிஞ்சிபோச்சி" என்றார்.

ஏகாம்பரம் தட்டைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"பூங்காவனம், நீயும் வந்து ஒரு பக்கம் புடி" என்றார்.

"இப்பதான் எம்பேரு ஞாபகம் வந்துதா?" என்று சபை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் பூங்காவனம் வந்து தட்டைப் பிடித்தார். ஏகாம்பரம் மூக்கை உறிஞ்சினார். செல்வி அறை வாசலில் நின்றபடி முதல் தடவையாக அழுதது. அதைப் பார்த்ததும் எனக்கும் தாங்கவில்லை.

ராஜாமணி அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாடா கலியா, அழுவுறியா?"

"ஆமாம்மா" என்றேன்.

"அப்ப தரைமேல அழு. உப்பு கம்மின்றாரு பெரியவரு."